முகம் பார்த்து ஐந்து செக்கன் கழித்து

அக்காவின் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். வெள்ளவத்தையில் டியூஷன் முடிந்தால் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். ஒருநாள் நரம்புத் தொகுதிப் பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “மாமா, மூளை வேலை செய்யேக்க எப்பிடி இருக்கும்? இந்தப் படத்தில பெயர்தான் கிடக்கு, ஒண்டும் அசையேல்லை.”

எனக்கு வேலை தரவுகளோடுதான். விற்பனைக் கணக்குகளை வரைபடமாக்கித் தருவேன். மூளைத் தரவைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மூன்று வாரம் இரவிரவாக இருந்து, கையில் பிடித்துப் புரட்டினால் மூளை நிறம் மாறுகிற ஒரு சின்னப் புத்தகம் செய்து அவளிடம் கொடுத்தேன். மொத்தம் 34 தாள்கள். அதைச் செய்த கதைதான் இது. பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் நான் படித்ததெல்லாம் அந்தப் பிழைகளில்தான்.

ஸ்கேன் எடுக்கும் வசதி நமக்குக் கிடையாது, தேவையும் இல்லை. ஜேம்ஸ் ஹக்ஸ்பியும் அவருடைய குழுவும் 2001-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின் தரவு எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. ஆறு பேரை, வேலை செய்யும் மூளையைக் காந்தப்புலத்தால் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுக்க வைத்து எட்டு வகைப் படங்களைக் காட்டினார்கள்: முகம், வீடு, பூனை, போத்தல், கத்தரிக்கோல், சப்பாத்து, கதிரை, கலைத்துப்போட்ட அர்த்தமில்லாத படம். ஒவ்வொரு படமும் அரைச் செக்கன் தெரியும், பிறகு ஒன்றரைச் செக்கன் இடைவெளி. ஒரே வகைப் படங்கள் தொடர்ந்து 24 செக்கன் வரும். பிறகு ஓய்வு. அதன்பின் அடுத்த வகை. இப்படி ஒருவருக்கு 12 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எட்டு வகையும் ஒவ்வொரு தடவை வந்து போகும்.

நான் எடுத்தது இரண்டாவது ஆளின் கோப்பு. ஏறத்தாழ 290 எம்.பி. பைதான் மொழியில் ‘நைலேர்ன்’ என்ற இலவச நூலகம் அதைத் தானே இறக்கித் தந்துவிடும். உள்ளே 2.5 செக்கனுக்கு ஒன்றாக 1452 முப்பரிமாணப் படங்கள். ஒவ்வொரு படமும் 40 × 64 × 64 கட்டிகளால் ஆனது. ஒரு கட்டி 3.5 மில்லிமீற்றர் அகலம், மற்ற இரு பக்கமும் 3.75. இந்தக் கட்டியைத்தான் வொக்சல் என்கிறார்கள். கூடவே ஒரு சின்னப் பட்டியலும் வரும். எந்தப் படம் எடுக்கும்போது அந்த ஆள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அதில் இருக்கும். 588 இடத்தில் ‘ஓய்வு’, ஒவ்வொரு வகைக்கும் 108.

முதல் இரவு லப்டொப் உறைந்து போய்விட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. மொத்தம் ஏறத்தாழ 23.8 கோடி எண்கள். நூலகம் வழமையாக ஒவ்வொன்றையும் 8 பைட்டில் வைக்கும். அப்படியென்றால் 1.9 ஜி.பி. ஒரு கூட்டல் கழித்தல் செய்தால் இன்னொரு பிரதி, இன்னொன்று செய்தால் மூன்றாவது. என் 8 ஜி.பி. அதற்கு எங்கே போதும்! எண்களை 4 பைட்டுக்கு மாற்றி, ஒரு நேரத்தில் ஒரு சுற்றை மட்டும் (121 படங்கள், ஏறத்தாழ 80 எம்.பி.) எடுத்தேன். அதன் பிறகு லப்டொப் முனகாமல் வேலை செய்தது.

சரி, இனிப் படம். நடுவில் ஒரு கிடைவெட்டை எடுத்து, 1452 படங்களையும் வரிசையாக ஓடவிட்டு வீடியோ ஆக்கினேன். மருமகள் ஒரு நிமிடம் பார்த்தாள். “எல்லாம் ஒரே படம்தானே மாமா?”

அவள் சொன்னது சரி. சாம்பல் நிற மூளை ஒன்று அப்படியே நின்றது. ஸ்கேனர் ஒவ்வொரு கட்டியிலும் அளக்கிற எண்ணைச் சைகை என்பார்கள். ஒரு வேலையின்போது இந்தச் சைகை மாறுவது ஒன்றிரண்டு சதவீதம்தான். மூளைக்கும் அதைச் சுற்றியுள்ள காற்றுக்கும் நடுவே இருக்கும் வெளிச்ச வித்தியாசத்துக்கு முன்னால் அந்த ஒரு சதவீதம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மூளை ‘பற்றி எரிகிற’ படங்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தச் சிவப்பெல்லாம் கழித்துப் பெருக்கி எடுத்த மிகச் சின்ன வித்தியாசம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகவே ஒவ்வொரு வொக்சலிலும் அதன் சராசரியைக் கழித்து, அதே சராசரியால் வகுத்து, சதவீத மாற்றத்தை எடுத்தேன். இப்போது மூளை அமைதியாக இருந்தது, தலைக்கு வெளியே இருந்த காற்று வெசாக் பந்தல் மாதிரி மின்னியது. காற்றில் சைகை கிட்டத்தட்டப் பூச்சியம். பூச்சியத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணால் வகுத்தால் சின்ன இரைச்சலும், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கமும், ஆயிரம் சதவீதம் ஆகிவிடும். மூளை எது, வெளி எது என்று பிரிக்கும் ஒரு முகமூடிக் கோப்பை நைலேர்னே கணக்கிட்டுத் தரும். அதைப் போட்டதும் பந்தல் அணைந்தது.

அதற்குப் பிறகு வந்த பிழை கொஞ்சம் நுட்பமானது. வீடியோவில் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு தடவை முழு மூளையும் ஒரேயடியாகச் சிவந்தது, அல்லது நீலமானது. ஏதோ பெரிய எண்ணம் அந்த ஆளுக்கு வந்திருக்கிறது என்று நம்பி அரை மணி நேரம் பட்டியலைத் தேடினேன். பிறகுதான் 121, 242, 363 என்ற எண்கள் கண்ணில் பட்டன. எல்லாம் சுற்றுகள் ஒட்டும் இடங்கள். 12 சுற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிய கோப்பு இது. ஒவ்வொரு சுற்றும் தன் சொந்த மட்டத்தில் தொடங்கும், சுற்றுக்குள்ளும் மட்டம் மெல்ல மெல்ல நகரும். ஸ்கேனரின் சூடும் அசைவும் இதற்குக் காரணம், மூளை அல்ல. சராசரியையும் நகர்வையும் சுற்றுக்குச் சுற்று தனித்தனியாக எடுத்துக் கழிக்க வேண்டும்.

நிற அளவுகோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நான் என் வேலையிலும் இதே பிழையைப் பலர் செய்வதைப் பார்க்கிறேன். வரையும் மென்பொருளிடம் ஒன்றும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் படத்தின் ஆகக் கூடிய எண்ணுக்கே கடுஞ்சிவப்பைக் கொடுக்கும். ஒரு தனிப் படத்துக்கு அது பரவாயில்லை. காலத்தோடு ஓடும் படத்துக்கு அது பொய். 0.2 சதவீதம் மாறிய படமும் 2 சதவீதம் மாறிய படமும் ஒரே சிவப்பில் நிற்கும். ஓய்வு நேரத்திலும் மூளை தகதகவென்று இருந்தது அதனால்தான். எல்லாப் படத்துக்கும் −2 முதல் +2 சதவீதம் என்று ஒரே அளவுகோலைக் கட்டி வைத்தேன். நடுவில் பூச்சியத்துக்கு வெள்ளை, கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம். வானவில் நிறங்களை விட்டுவிட்டேன். அவற்றில் மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் கண்ணுக்கு ஒரு எல்லை தெரியும், தரவில் அப்படி ஒரு எல்லையே இருக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் வீடியோ ஒரு கொதிக்கும் கஞ்சிப் பானை மாதிரித்தான் இருந்தது. எங்கும் குமிழி, எதிலும் ஒழுங்கில்லை. ஒரு தடவை நடந்ததை மட்டும் பார்த்தால் இரைச்சல்தான் மேலே நிற்கும். அதனால் நேரத்தை வெட்டி அடுக்கினேன். முகப் படங்கள் தொடங்கும் கணத்தைப் பூச்சியம் என்று வைத்து, அதற்கு 5 செக்கன் முன்னிருந்து 35 செக்கன் பின் வரை ஒரு துண்டு. 2.5 செக்கன் இடைவெளியில் 17 படங்கள் வரும். 12 சுற்றிலிருந்தும் இப்படி 12 துண்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால் தற்செயல் இரைச்சல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு குறைகிறது. ஒவ்வொரு துண்டிலும் மாற்றத்தை ஒப்பிடும் அடிமட்டமாக, படங்கள் தொடங்குமுன் உள்ள கடைசி இரண்டு ஓய்வுப் படங்களை வைத்தேன். ஓய்வு முழுவதையும் வைக்கவில்லை, ஏனென்றால் ஓய்வின் தொடக்கத்தில் முந்தைய வகையின் மிச்சம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுப் படங்களுக்கும் இதே வேலை.

ஓடவிட்டேன். பின்தலைப் பகுதி மெல்லச் சிவந்து, 20 செக்கனுக்கு மேல் நின்று, பிறகு வடிந்தது. இரவு ஒரு மணியிருக்கும். கடற்கரைப் பக்கம் ரயில் சத்தமும் ஓய்ந்துவிட்டது. அதை மட்டும் பத்துத் தடவையாவது திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன். யாரோ ஒருவர் இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு முகத்தைப் பார்த்தார். அது என் மேசையில் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

முகமும் வீடும் இரண்டிலும் பின்தலை ஒரே மாதிரித்தான் சிவந்தது. வித்தியாசம் கீழ்ப்பக்கத்தில், காதுப் பக்கமாக இருக்கும் பொட்டு மடலின் அடியில். முகத்துக்குச் சற்று வெளிப்புறமாகவும், வீட்டுக்கு நடுக்கோட்டுக்குக் கிட்டவாகவும் கூடியது. 1997-ல் நான்சி கான்விஷரின் குழு விவரித்த முகப் பகுதியும், அடுத்த வருடம் எப்ஸ்டைனும் கான்விஷரும் விவரித்த இடப் பகுதியும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே ‘முக பல்பு’ ஒன்று, ‘வீட்டு பல்பு’ ஒன்று என்று மருமகளிடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஹக்ஸ்பி குழு காட்டியதே அதற்கு எதிரானது. முகத்துக்கு ஆகக் கூடுதலாகச் சைகை தரும் வொக்சல்களை விலக்கிவிட்டு மிச்சத்தின் கோலத்தை மட்டும் பார்த்தாலும், அந்த ஆள் முகத்தைத்தான் பார்த்தார் என்று கண்டுபிடிக்க முடிந்தது. ஒரு தனிப் புள்ளி ஒளிர்வதில் மட்டும் செய்தி இல்லை, பரந்து கிடக்கும் கோலத்திலும் இருக்கிறது. அதனால்தான் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ளதையெல்லாம் அழித்து இரண்டு சிவப்புப் பொட்டு மட்டும் வைக்காமல், மங்கலான நிறங்களையும் அப்படியே விட்டேன்.

மங்கலை அழித்துவிட்டுப் புள்ளி புள்ளியாய்ச் சோதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தக் கட்டிகள் மொத்தம் 163,840. நூற்றுக்கு ஐந்து தற்செயல் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால், ஒன்றுமே நடக்காவிட்டாலும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவை ‘ஒளிரும்’. கிரேக் பென்னெட்டும் கூட்டாளிகளும் 2009-ல் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, இத்தனை சோதனைகளுக்கும் ஈடுசெய்யும் திருத்தமில்லாத கணக்கில் அதன் மூளையிலும் ‘செயல்பாடு’ வரும் என்று காட்டினார்கள். திருத்தம் செய்ததும் அது மறைந்துவிட்டது. மருமகளுக்கு இந்த மீன் கதை நன்றாகப் பிடித்துவிட்டது.

அடுத்து அச்சு. வீடியோவை போனில் கொடுத்தால் அவள் இரண்டு தடவை பார்த்துவிட்டு மறந்துவிடுவாள். கையால் புரட்டினால் நேரம் அவள் விரலில் இருக்கும், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். 17 படம் ஒரு புரட்டுப் புத்தகத்துக்குக் காணாது, ஒரு செக்கனில் முடிந்துவிடும். நடுவே கணக்கிட்ட படங்களைச் செருகி வழுவழுப்பாக்கலாமா என்று யோசித்தேன், செய்யவில்லை. 2.5 செக்கனுக்கு ஒரு தடவைதான் ஸ்கேனர் பார்த்திருக்கிறது. நடுவில் அது பார்க்காததை நான் வரைந்தால், பார்க்கிறவர் அதையும் அளந்தது என்றே நினைப்பார். ஒவ்வொரு படத்தையும் இரண்டு தாளில் அச்சிட்டேன், 34 தாள். கொஞ்சம் தத்தித் தத்தித்தான் போகும். போகட்டும். முன்பக்கம் முகம், திருப்பிப் பிடித்தால் வீடு.

முதல் பிரதியை வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டினேன். புரட்டினால் மூளை அங்குமிங்கும் துள்ளியது, நிறம் மாறுவதைக் கவனிக்கவே முடியவில்லை. என் வெட்டில் ஒவ்வொரு தாளும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் விலகியிருந்தது. அதைப் பார்த்ததும் ஒன்று பிடிபட்டது. ஸ்கேனருக்குள் படுத்திருப்பவர் தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் நடப்பது இதேதான். கட்டியின் அகலமே 3.5 மில்லிமீற்றர். தலை அவ்வளவு நகர்ந்தால் அந்தக் கட்டிக்குள் இப்போது இருப்பது பக்கத்துத் திசு. மூளை ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்புக் கோடு, எதிர்ப்பக்கம் நீலக் கோடு விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தலை அசைவையே. அதனால்தான் எல்லாப் படத்தையும் ஒரு மாதிரிப் படத்தோடு பொருத்தித் திருப்பி நேராக்குவதை ஆய்வாளர்கள் முதல் வேலையாகச் செய்கிறார்கள். நான் மூலைகளில் வெட்டுக்குறி போட்டு, காலி வீதியில் ஒரு அச்சுக்கடையில் தடித்த மட்டையில் அச்சடித்து, அவர்களுடைய வெட்டும் மெஷினிலேயே வெட்டி எடுத்தேன். கறுப்புப் பின்னணி ஓரத்தில் வெடித்ததால் வெள்ளைப் பின்னணிக்கு மாற்றினேன். மூளை துள்ளுவது நின்றது.

ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு நேரப் பட்டை வைத்திருந்தேன். ஓய்வென்றால் சாம்பல், முகம் தெரியும் நேரம் மஞ்சள். மருமகள் மெதுவாகப் புரட்டினாள். மஞ்சள் வந்தது. மூளை வெள்ளையாகவே இருந்தது. அடுத்த தாள், அதற்கடுத்தது, இன்னும் வெள்ளை. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“படம் வந்திட்டுதே மாமா. மூளை ஏன் இன்னும் சும்மா கிடக்கு?”

இந்தக் கேள்வி வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பட்டையை வைத்தேன். கல்யாண வீட்டுப் பந்தியை வைத்து அவளுக்கு விளக்கினேன். ஒரு வரிசையில் சாப்பிடுகிறவர்களுக்குச் சோறு முடிகிறது. குரல் குசினிக்குப் போகவேண்டும், அங்கிருந்து ஆள் வரவேண்டும், கொஞ்சம் நேரம் எடுக்கும். வந்தால் அவர்கள் கேட்டதைவிடக் கூடுதலாகவே வரும், இலையில் மிஞ்சும். நரம்புக் கலங்கள் வேலை செய்யும் இடத்துக்கு இரத்தம் வருவதும் அப்படி. செலவான ஒட்சிசனைவிடக் கூடுதலான ஒட்சிசனோடு, சில செக்கன் பிந்தி வருகிறது. ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் குழப்பும், ஒட்சிசன் ஏற்றியது அப்படிக் குழப்பாது. 1936-லேயே லைனஸ் போலிங்கும் சார்ல்ஸ் கொரியெலும் அளந்து சொன்ன வித்தியாசம் இது. புது இரத்தம் நிறைய வந்ததும் குழப்புகிறவை அங்கே குறைகின்றன, சைகை கூடுகிறது. 1990-ல் செய்ஜி ஓகாவா குழு எலிகளின் மூளையில் இதைக் காட்டியது. இரண்டு வருடம் கழித்து மனித மூளையில் முதல் படங்கள் வெளிவந்தன.

“அப்ப நாங்கள் பார்க்கிறது சாப்பிடுற ஆக்களை இல்லை, சோத்து வாளியை” என்றாள்.

அதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. சைகை உச்சத்துக்குப் போக ஐந்தாறு செக்கன் வேண்டும். ஆனால் தலையில் மின்வாய் வைத்து அளக்கும் ஈ.ஈ.ஜி.யில் முகத்துக்கான அடையாளம் ஏறத்தாழ 170 மில்லிசெக்கனிலேயே வந்துவிடுகிறது. இந்தப் பரிசோதனையில் இரண்டு செக்கனுக்கு ஒரு முகம். என் புத்தகத்தில் நிறம் தெளிவாகத் தெரியும்போது அந்த ஆள் மூன்றாவது முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முடிவிலும் அப்படித்தான். மஞ்சள் பட்டை முடிந்த பிறகும் இரண்டு மூன்று படங்களுக்குச் சிவப்பு நிற்கிறது. முகம் போய்விட்டது, இரத்தம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

பட்டையை ஐந்து செக்கன் தள்ளி வைத்து இரண்டையும் ஒன்றாகத் தொடங்க வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். எந்த நேரத்துப் படம் எந்த வகை என்று கணக்கிடுகிறவர்கள் அப்படித் தள்ளித்தான் செய்கிறார்கள், அதில் தவறில்லை. கையில் கொடுக்கிற புத்தகத்தில் அந்தத் தாமதம் தெரியத்தான் வேண்டும் என்று நினைத்தேன், தள்ளவில்லை. அட்டையில் ‘மூளையின் செயல்பாடு’ என்று முதலில் அடித்திருந்ததை மட்டும் மாற்றினேன். இப்போது அதில் ‘முகம் பார்த்தபோது இரத்தம் வந்த விதம்’ என்று இருக்கிறது.

போன கிழமை வந்தபோது புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். ஆறாம் தாளுக்கும் ஏழாம் தாளுக்கும் நடுவில், மஞ்சள் தொடங்கி ஒரு மயிரிழை தள்ளி, ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தாள். இரண்டு பக்கத்துத் தாளிலும் மூளை வெறும் வெள்ளைதான். கோட்டுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில்: “இங்க கண்டுபிடிச்சாச்சு.”